கோட்டை, சிவப்பு, வெள்ளை: பொறியாளர் படைச் சின்னத்தை வாசிப்பது எப்படி?

அமெரிக்க இராணுவத்தில் பொறியாளர் படை அதிகாரி ஒருவரின் கோட்டு மடிப்பில் தங்க நிறத்தில் குட்டியாக ஒரு கோட்டை குத்தியிருக்கும். மூன்று கோபுரம், நடுவில் ஒரு வாசல், உயரம் முக்கால் அங்குலம்கூட இல்லை. காலாட்படைக்குக் குறுக்காக வைத்த துப்பாக்கிகள், பீரங்கிப் படைக்குக் குறுக்காக வைத்த பீரங்கிகள், குதிரைப்படைக்குக் குறுக்காக வைத்த வாள்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் ஆயுதத்தைக் குத்திக்கொண்டு நிற்க, இவர்கள் ஒரு கட்டடத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். முதன்முதலில் படத்தில் பார்த்தபோது அடுக்குமாடி வீடு விற்கிற கம்பெனியின் லோகோ மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

அந்தக் கோட்டையில் ஆரம்பித்தால் படைச் சின்னங்களின் இலக்கணம் முழுவதையும் ஓரளவு பிடித்துவிடலாம். இலக்கணம் என்று சும்மா சொல்லவில்லை. ஐரோப்பிய மரபுச்சின்னக் கலையில் (கேடயத்தில் குடும்பம், படை ஆகியவற்றின் அடையாளத்தை அமைக்கும் முறை, ஆங்கிலத்தில் ஹெரால்ட்ரி) ஒரு சின்னம் என்பது படமே அல்ல, ஒரு வாக்கியம். 'சிவப்புக் கேடயத்தின் மேல் வெள்ளிக் கோட்டை ஒன்று' என்று எழுதிவிட்டால் சின்னம் பிறந்துவிட்டது. அதற்கப்புறம் பத்து ஓவியர்கள் பத்து விதமாகக் கோட்டையை வரைந்தாலும் பத்தும் ஒரே சின்னம்தான். இந்த வாக்கியத்துக்குப் பிளேசன் என்று பெயர். இன்றைய கம்பெனி லோகோ இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு வளைவு கொஞ்சம் மாறினாலும் தப்பு, நிறத்தின் எண் மாறினாலும் தப்பு. மரபுச்சின்னத்தில் சொல்தான் சட்டம், படம் அந்தச் சொல்லுக்கு ஒருவர் செய்த பொழிப்புரை மாதிரி. (ஆனால் இராணுவம் இராணுவம்தானே, பித்தளையில் அச்சடிக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று தனியாக ஒரு மாதிரி வரைபடமும் வைத்திருப்பார்கள்.)

இதற்கென்றே அங்கே ஓர் அலுவலகம் உண்டு. 1919-இல் அதிபர் உட்ரோ வில்சன் காலத்தில் போர்த் துறைக்குள் தொடங்கிய வேலை, 1960-இல் மரபுச்சின்ன நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. இன்று அது இருப்பது வர்ஜீனியா மாநிலத்தில், ஃபோர்ட் பெல்வாரில். அதே பெல்வாரில்தான் பல பத்தாண்டுகள் இராணுவப் பொறியாளர் பள்ளியும் இருந்தது, 1980களின் கடைசியில் மிசௌரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனர்ட் வுட்டுக்குப் போகும்வரை.

சரி, சில நூறு பேர் கொண்ட ஒரு பொறியாளர் பட்டாலியனிடம் என்னென்ன சின்னம் இருக்கும்? முதலில் அந்தத் தங்கக் கோட்டை, அது பொறியாளர் கிளைக்கே பொதுவானது, 'நான் என்ன வேலை செய்கிறவன்' என்று சொல்வது. அடுத்து தோளில் தைக்கிற துணிச் சின்னம்; பிரிகேடு, டிவிஷன் மாதிரி பெரிய அமைப்புகளுக்கு உரியது, இடது தோளில் இருந்தால் இப்போது வேலை பார்க்கும் அமைப்பு, வலது தோளில் இருந்தால் முன்பு யாரோடு போர்க்களம் போனார் என்பது. மூன்றாவதாக, சுமார் 3 சென்டிமீட்டர் அளவில், உலோகத்தில் செய்து எனாமல் பூசிய பட்டாலியனின் சொந்தச் சின்னம். வேலை, வீடு, குடும்பப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த மூன்றாவதைத்தான் சிப்பாய்கள் வாய்ப்பேச்சில் 'யூனிட் கிரெஸ்ட்' என்பார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது தப்பு. கிரெஸ்ட் என்பது கேடயத்துக்கு மேலே, அந்தக் காலப் போர்வீரனின் தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டுமே. கவசத்துக்கும் அந்த உருவத்துக்கும் நடுவில் முறுக்கிய துணி ஒன்று இருக்கும்; நம் ஊர் சும்மாடு மாதிரியேதான். அதில் ஆறு முறுக்கு, உலோக நிறமும் வண்ணமும் மாறிமாறி வரும். பட்டாலியனின் முழுச் சின்னம் என்றால் கேடயம், மேலே இந்தச் சும்மாடும் கிரெஸ்டும், கீழே நாடாவில் ஒரு வாசகம். எனாமல் சின்னம் பெரும்பாலும் கேடயத்தையும் வாசகத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் படைப் பிரிவு என்றால் கிரெஸ்டைப் பார்த்தே சொல்லிவிடலாம், லெக்சிங்டன் ஊரில் நிற்கிற துப்பாக்கி ஏந்திய குடியானவர் சிலையை அங்கே வைப்பார்கள்.

இப்போது நிறத்துக்கு வருவோம், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மரபுச்சின்னக் கலையில் எல்லா நிறமும் ஒரே சாதி இல்லை. தங்கமும் வெள்ளியும் 'உலோகம்', அதாவது மஞ்சளும் வெள்ளையும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் 'வண்ணம்'. விதி என்னவென்றால் உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் வரக்கூடாது. சிவப்பின் மேல் வெள்ளை சரி, நீலத்தின் மேல் மஞ்சள் சரி, சிவப்பின் மேல் நீலம் கூடாது. ஏதோ சம்பிரதாயம் மாதிரி தெரியும், ஆனால் காரணம் ரொம்ப எளிது: புழுதிக்கு நடுவே குதிரையில் வருகிறவனின் கேடயத்தை இருநூறு அடி தள்ளி நிற்கிறவன் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளவேண்டும். வெளிர் நிறமும் அடர் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது முடியும். லாரியின் பின்னால் மஞ்சளில் கறுப்பு எழுத்து எழுதுகிறவருக்கும் இந்த விதி தெரியும், அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

போரில் நம்மவன் யார், எதிரி யார் என்று எட்டத்திலிருந்தே தெரிய வேண்டிய கட்டாயம் எல்லா ஊருக்கும் பொது. தொல்காப்பியம் 'போந்தை வேம்பே ஆரென வரூஉம் மாபெருந் தானையர் மலைந்த பூவும்' என்று சொல்வது இதைத்தான், சேரன் படை பனம்பூ, பாண்டியன் படை வேப்பம்பூ, சோழன் படை ஆத்திப்பூ சூடிக்கொண்டு களத்துக்குப் போனது.

அமெரிக்கப் பொறியாளர்களின் நிறம் கருஞ்சிவப்பு இல்லை, பளீரென்ற சிவப்பு; அதோடு வெள்ளை. ஏன் இரண்டு நிறம் என்றால், பீரங்கிப் படையின் நிறமும் அதே சிவப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறியாளர்களும் சிவப்புக்கு வந்தபோது, இரண்டு பேரையும் பிரித்துக்காட்ட ஓரத்தில் வெள்ளை வைத்துத் தைத்தார்கள். அந்த ஓரத் தையல்தான் பின்னாளில் சின்னங்களின் இலக்கணத்துக்குள் ஏறி உட்கார்ந்தது. இன்று ஒரு பட்டாலியன் சின்னத்தில் கேடயம் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தால், அதில் கோட்டையே இல்லாவிட்டாலும் பொறியாளர் என்று தொண்ணூறு சதவீதம் சொல்லிவிடலாம். சிவப்பு வண்ணம், வெள்ளை உலோகம் என்பதால் மேலே சொன்ன விதிக்கும் இந்த ஜோடி பொருந்திவிடுகிறது.

கறுப்பு வெள்ளையில் அச்சடித்த பழைய புத்தகத்தில் நிறம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: செங்குத்துக் கோடுகள் என்றால் சிவப்பு, கிடைக்கோடுகள் என்றால் நீலம், புள்ளி புள்ளியாக இருந்தால் தங்கம், வெறுமையாக விட்டால் வெள்ளி. 17ஆம் நூற்றாண்டில் பரவிய முறை. கல்லறைக் கல்லிலோ பழைய பித்தளைப் பட்டனிலோ கேடயத்துக்குள் நேர்க்கோடுகள் வரிவரியாக இருந்தால் அழகுக்குப் போட்டது என்று தாண்டிப் போகாதீர்கள்.

இனி அந்தக் கோட்டை. 1840 வாக்கில் பொறியாளர்களின் உடுப்பில் அது ஏறுகிறது, வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி மாணவர்களும் அந்தக் காலத்திலேயே அதை அணிந்தார்கள். அந்தக் கல்லூரியும் பொறியாளர் படையும் 1802 மார்ச் 16 அன்று ஒரே சட்டத்தில் பிறந்தவை என்பதால் இதில் வியப்பில்லை. 1902-இல் கோட்டை முறைப்படி படையின் சின்னமாகிறது. ஏன் கோட்டை என்றால், அந்தக் காலத்து இராணுவப் பொறியாளருக்கு இரண்டே பெரிய வேலை, ஒன்று கோட்டை கட்டுவது, இன்னொன்று கோட்டையை உடைப்பது. கட்டுவதும் உடைப்பதும் ஒரே படிப்பு. சுவர் எங்கே பலவீனம் என்று தெரிந்தவன்தான் பலமான சுவரும் கட்டமுடியும்.

கோட்டைச் சுவரின் உச்சியில் பல் பல்லாக இருக்கும் அமைப்புக்குத் தமிழில் ஞாயில் என்று பழைய சொல் உண்டு. மரபுச்சின்னக் கலையில் அது தனியாகவே ஒரு கோடாக வரும். கேடயத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு நேர்க்கோடாக இல்லாமல் ஞாயில் வடிவில் ஏறி இறங்கிப் போனால், முழுக் கோட்டை வரையாமலே கோட்டை என்று சொன்னதாக ஆகிவிடும். பொறியாளர் சின்னங்களில் இந்தக் கோடு அடிக்கடி கண்ணில் படும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற காரைக் கோடுகளை வேறு நிறத்தில் காட்டுவதற்குக்கூட அந்தக் கலையில் தனிச் சொல் உண்டு. கொத்தனார் வேலையை இவ்வளவு மரியாதையோடு நடத்திய கலை வேறு எது என்று தெரியவில்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். அமெரிக்கப் படைச் சின்னத்தில் எங்கே கோட்டையைப் பார்த்தாலும் பொறியாளர் என்று முடிவு கட்டக்கூடாது. 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரில் இருந்த பல காலாட்படைப் பிரிவுகளும் கோட்டையை வைத்திருக்கின்றன. அது ஸ்பெயின் நாட்டுச் சின்னத்திலிருந்து எடுத்த காஸ்டீல் நாட்டுக் கோட்டை. அங்கே கோட்டை என்பது தொழில் இல்லை, தோற்றவனின் முகவரி. சுற்றி என்ன நிறம், என்ன வருடத்துப் பிரிவு என்று பார்த்துத்தான் எந்தக் கோட்டை என்று சொல்லமுடியும்.

கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய இன்னொன்று அவர்களுடைய பட்டன். அமெரிக்க இராணுவத்தில் மற்றவர்கள் எல்லாம் நாட்டின் கழுகு முத்திரை போட்ட பட்டன் அணிய, பொறியாளர்களுக்கு மட்டும் தனிப் பட்டன். அதில் தண்ணீர் சூழ்ந்த கொத்தளம் ஒன்று, பின்னால் உதிக்கிற சூரியன், மேலே பறக்கும் கழுகு, அதன் அலகில் ஒரு நாடா, நாடாவில் 'எஸ்ஸயோன்' என்ற பிரெஞ்சுச் சொல். 'முயன்று பார்ப்போம்' என்று பொருள். அமெரிக்கப் படைக்கு எதற்குப் பிரெஞ்சு வாசகம்? விடுதலைப் போரின்போது வாஷிங்டன் படையில் கோட்டை, முற்றுகை வேலை தெரிந்தவர்கள் அரிது. பிரான்ஸிலிருந்து வந்த அதிகாரிகள்தான் அந்த இடத்தை நிரப்பினார்கள், 1777-இல் தலைமைப் பொறியாளராக ஆன துபோர்த்தேய் உட்பட. அக்காலத்தில் பொறியியல் படிப்பதென்றால் பிரெஞ்சுப் புத்தகம் படிப்பது என்றே அர்த்தம். எனக்கு இந்த வாசகம் பிடிக்கும், காரணம் அதில் சவடால் இல்லை. வெல்வோம், அழிப்போம், சாவுக்கு அஞ்சோம் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதி வைத்திருக்கும்போது, பாலம் நிற்குமா என்று கேட்டால் உண்மையான பொறியாளன் சொல்லக்கூடிய பதில் இதுதானே.

தங்கக் கோட்டைக்கு ஒரு குடும்பக் கதையும் உண்டு. பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்கத் தளபதியான டக்ளஸ் மெக்ஆர்தர் 1903-இல் வெஸ்ட் பாயிண்டிலிருந்து பொறியாளர் அதிகாரியாக வெளியே வந்தபோது அவருடைய பெற்றோர் ஒரு ஜோடி தங்கக் கோட்டைச் சின்னத்தைப் பரிசளித்தார்கள். அவர் பின்னால் பொறியாளர் படையை விட்டு எங்கெங்கோ உயரப் போய்விட்டாலும் அதைப் பத்திரமாக வைத்திருந்து, 1945-இல் பசிபிக் போரில் தனக்குப் பொறியாளராக இருந்த லேஃப் ஸ்வெர்ட்ரப்பிடம் கொடுத்தார். ஸ்வெர்ட்ரப் 1975-இல் அதைப் பொறியாளர் படைத் தலைவரிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து தலைவர் பதவிக்கு யார் வந்தாலும் அந்த ஜோடியைத்தான் அணிகிறார்கள்.

மற்ற நாடுகள் இதே தொழிலுக்கு வேறு உருவங்களைத் தேர்ந்தெடுத்தன. பிரெஞ்சுப் பொறியாளர் படையின் சின்னம் ஒரு மார்புக்கவசமும் தலைக்கவசமும். முற்றுகையின்போது எதிரிச் சுவரை நோக்கிப் பதுங்குகுழி தோண்டிக்கொண்டே போகிற சாப்பர்கள், மேலிருந்து குண்டு விழும் என்பதால் கனமான இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு தோண்டினார்கள். மற்ற படைகள் கவசத்தைக் கழற்றிய பிறகும் இவர்களால் கழற்ற முடியவில்லை. சாப்பர் என்ற சொல்லே அந்தக் குழிக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பிரிட்டனின் ராயல் எஞ்சினியர்ஸ் கழுத்துப்பட்டையில் தீப்பற்றி எரியும் கையெறி குண்டு இருக்கும். பீரங்கிப் படைக்கும் அதே குண்டுதான். வித்தியாசம் என்ன தெரியுமா, பொறியாளர் குண்டில் ஒன்பது தீநாக்கு, பீரங்கிப் படையின் குண்டில் ஏழு. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வாசகமும் இரண்டு படைக்கும் ஒன்றுதான், 1832-இல் நான்காம் வில்லியம் மன்னர் கொடுத்த 'உபிக்வே', லத்தீனில் 'எங்கும்'. போரிட்ட இடங்களையெல்லாம் கொடியில் பட்டியல் போடுவது வழக்கம், இவர்கள் இல்லாத போரே இல்லை என்பதால் பட்டியலுக்குப் பதிலாக அந்த ஒரு சொல். பொறியாளர்கள் சொல்லும் கிண்டல்: எங்களுக்கு 'எங்கும்' என்றால் எல்லா இடத்திலும் இருக்கிறோம் என்று பொருள், பீரங்கிக்காரர்களுக்கு அவர்கள் சுட்ட குண்டு எங்கெங்கேயோ போய் விழும் என்று பொருள்.

அதே சொல் சமஸ்கிருதத்துக்கு மாறி 'சர்வத்ர' என்று இந்திய இராணுவப் பொறியாளர் படையின் வாசகமாக இன்றும் இருக்கிறது. 1780-இல் மெட்ராஸ் பயனியர்ஸ் என்று சென்னையில் தொடங்கி, இப்போது பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் அதுதான் வாசகம். இராணுவத்துக்குள் அவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. அது எந்தச் சின்னத்திலும் எழுதியிருக்காது, ஆனால் சின்னத்தைவிட வேகமாக ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இதுவரை பார்த்ததை வைத்து ஒரு சின்னம் செய்து பார்ப்போம். கற்பனையாக ஒரு பொறியாளர் பட்டாலியன். முதல் உலகப் போரில் பிரான்ஸில் சாலை போட்டது, இரண்டாம் போரில் ரைன் நதியின் மேல் பாலம் போட்டது, அப்புறம் கொரியா. முதலில் கேடயம்: பொறியாளர் என்பதால் சிவப்பு, யோசிக்கவே வேண்டாம். நதிக்கு அலையலையான பட்டை ஒன்றைக் குறுக்காகப் போடுவோம். நதி என்றால் நீலம் என்று கை தானாகப் போகும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். சிவப்பின் மேல் நீலம், வண்ணத்தின் மேல் வண்ணம், விதி உதைக்கிறது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நதியை வெள்ளையாகவே விட்டுவிடுவது, அலைக்கோடு இருந்தால் போதும், தண்ணீர் என்று புரிந்துவிடும். இன்னொன்று நீலப் பட்டைக்கு இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளை ஓரம் கட்டுவது. நான் முதல் வழியைத்தான் எடுப்பேன், சிவப்பு வெள்ளை ஜோடியும் கிடைத்துவிடுகிறது.

பிரான்ஸுக்கு ஃப்ளூர் தெ லீ, அந்த மூவிதழ் லில்லிப் பூ. அமெரிக்கப் படைச் சின்னத்தில் அந்தப் பூ இருந்தால் பெரும்பாலும் பிரான்ஸில் போர் செய்தவர்கள். அதைத் தங்க நிறத்தில் சிவப்பின் மேல் வைக்கலாம். கொரியாவுக்கு அந்த நாட்டுக் கொடியில் இருக்கும் சிவப்பும் நீலமும் பின்னிய வட்டம். அதைச் சிவப்பின் மேல் வைத்தால் பாதி வட்டம் காணாமல் போய்விடும், ஆகவே வெள்ளை நதியின் நடுவில் வைத்துவிடுவோம். பாலம் எங்கே? வரையவேண்டியதில்லை. நதிப் பட்டையின் மேல் விளிம்பை ஞாயில் கோடாகவும் கீழ் விளிம்பை அலையாகவும் வைத்தால், தண்ணீரின் மேல் கட்டியவர்கள் என்று ஆகிவிடுகிறது. ஒன்றைக் கவனியுங்கள், பூவைக் கேடயத்தின் வலது மேல் மூலையில் வைக்கவேண்டும் என்று வாக்கியத்தில் எழுதினால் அது நமக்கு இடது பக்கம் தெரியும். கேடயத்தை ஏந்தி நிற்கிறவனின் வலதுதான் கணக்கு, பார்க்கிறவனுடையது இல்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

இதே மாதிரி உருவங்களுக்கு ஒரு சிறு அகராதியே உண்டு. கள்ளிச்செடி இருந்தால் 1916-இல் மெக்ஸிகோ எல்லையில் இருந்தவர்கள். அம்புமுனை சில இடத்தில் செவ்விந்தியப் போர்களையும், சில இடத்தில் கடற்கரையில் நேரடியாக இறங்கித் தாக்கியதையும் குறிக்கும். ஆனால் அகராதியை மனப்பாடம் செய்து பயனில்லை, ஒவ்வொரு சின்னத்துக்கும் அந்த மரபுச்சின்ன நிறுவனம் விளக்கக் குறிப்பு ஒன்று எழுதி வைத்திருக்கும், கடைசி வார்த்தை அதுதான். நதி என்று நாம் நினைத்தது அவர்கள் குறிப்பில் கடலாக இருக்கலாம்.

கடல் என்றதும் ஒன்று. 36ஆவது பொறியாளர் பிரிகேடின் தோள் சின்னத்தில் இருப்பது கடற்குதிரை. தரையில் பாலம் போடுகிறவர்களுக்கு எதற்குக் கடற்குதிரை என்றால், இரண்டாம் உலகப் போரில் அதன் முன்னோடி ரெஜிமென்ட் வட ஆப்பிரிக்கா, சிசிலி, சலேர்னோ, ஆன்ஸியோ, தெற்குப் பிரான்ஸ் என்று கடற்கரை கடற்கரையாக இறங்கியது. முதல் அலையோடு இறங்கி, கண்ணிவெடியை எடுத்து, மணலில் பாதை போட்டு, பின்னால் வருகிற லாரிகளைக் கரையேற்றுவதுதான் அவர்கள் வேலை. பாதி கடல், பாதி குதிரை; ஆளுக்கும் உருவத்துக்கும் இவ்வளவு பொருத்தம் எல்லாச் சின்னத்துக்கும் அமைவதில்லை.

இந்த நிற இலக்கணம் எல்லாம் விழா உடுப்போடு சரி. களத்தில் போடும் உடுப்பில் தோள் சின்னம் பச்சை, பழுப்பு, கறுப்பு என்று மங்கலாகத்தான் இருக்கும், சிவப்பும் வெள்ளையும் போய்விடும். எட்டத்திலிருந்து தெரியவேண்டும் என்று பிறந்த கலை, இப்போது எட்டத்திலிருந்து தெரியக்கூடாது என்று தன்னை மறைத்துக்கொள்கிறது. வரைபடத்திலோ பொறியாளர் பிரிவைக் குறிக்க நேட்டோ படைகள் வைத்திருப்பது ஒரு பெட்டியும், அதற்குள் குப்புறப் படுத்த ஆங்கில 'ஈ' எழுத்து மாதிரி ஒரு கோட்டுருவமும்தான். உற்றுப் பார்த்தால் மூன்று காலில் நிற்கிற பாலம்.